பெரிய வெள்ளியில் நனைந்தவன்

அத்தியாயம் ஏழு

காலை எட்டு மணிக்கு, சாஃப்ட்பால் மட்டையால் படகு ஓட்டப் போவதாக மிர்த்தா அறிவித்தாள்.

துறையில் நின்ற எட்டுப் பயணிகளில் ஏழு பேர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். என் மனைவி வெல்டா என் காலை மிதித்தாள். வலிக்கவில்லை. பிடிவாதக்காரியில் ஏறுகிறவர்கள் செருப்பைத் துறை முனையில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது சட்டம். வெறுங்காலால் மிதிபடுவதில் ஒரு சுகமும் உண்டு.

பிடிவாதக்காரி என்பது படகின் பெயர். ஒரு பாய்மரம், இரண்டு பாய்கள். மோட்டார் கிடையாது, வைத்துக்கொள்ளவும் மாட்டாள். காக்கர் தீவிலிருந்து பவளத்திட்டுக்குப் பயணிகளைக் கூட்டிப் போய், மீன்களுக்கு நடுவே மிதக்கவிட்டு, மாலைக்குள் ரம் பஞ்ச் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவருவது அவள் தொழில். நாற்பத்தொரு வருஷமாக அவளை ஓட்டியவர் தொன் பாஸ்குவால். இப்போது அவர் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும்.

அந்தக் குடும்பத்தில் படகு கைமாறும்போது பத்திரம் எழுதுவதில்லை. சுக்கானைத் திருப்பும் தடியைக் கழற்றிக் கையில் கொடுப்பார்கள். வாங்கியவர் கேப்டன். அவ்வளவுதான். புனிதச் சனி மாலை ஏழு மணிக்குக் கோவில் மணி அடிக்கும்போது தடியை மகள் மிர்த்தாவிடம் கொடுக்கப் போவதாக தொன் பாஸ்குவால் நாற்பது நாள் முன்பே தீவு முழுவதற்கும் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் தடி இல்லை.

"தடி இல்லேன்னா கைமாத்தும் இல்ல. கடல் வேணாம்னு சொல்லுது போல" என்று கிழவர் சொல்லிவிட்டார். மிர்த்தா அழவில்லை. அக்கம்பக்கத்து இருபத்தாறு வீடுகளிலும் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினாள். தேங்காய் மட்டைக் குவியலைக் கலைத்தாள். கோவிலில் பாதிரியாரின் அங்கி அலமாரியைக்கூட விடவில்லை. பிறகு, அவள் நடத்தும் விடுதியில் தங்கியிருந்த எங்களிடம் வந்தாள்.

வெல்டாவிடம் வந்தாள் என்று திருத்திக்கொள்கிறேன். வெல்டா துறைமுகச் சுங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் பெட்டி திறந்தவள். மனிதர்களைப் பார்த்தால் எங்கே ஸிப் என்றுதான் அவள் கண் தேடும். என் தொழில் பத்திரிகையில் பிழை திருத்துவது. அவள் துப்பறியும்போது மட்டும் என் தொழில் பிழை செய்வது.

"பெரிய வெள்ளி லீவுக்கு வந்திருக்கோம் வெல்டா" என்றேன். "நீ மணல்ல படுத்துக்கிட்டு என்னைத் திட்டணும். அதுதானே திட்டம்."

"படகுல வந்தும் திட்டலாம். நாளைக்கு ரெண்டு சீட்டு போடு" என்றாள்.

*

கையில் ஒரே ஒரு துப்புதான் இருந்தது. அதைக் கொடுத்தவர் கோவில் வாசலில் சோள அப்பம் விற்கும் மிஸ் அந்தோனியா. சொல்லும்போது குரலை அவ்வளவு தாழ்த்தினார், கொலை என்றே நினைத்தேன்.

"வெள்ளிக்கிழமை மூணு மணி. எல்மெர் கோவிலுக்குப் பின்னால போறான். தலைமுடி நனைஞ்சிருக்கு!"

எல்மெர் தொன் பாஸ்குவாலின் தங்கை மகன். பிடிவாதக்காரியில் பாய் இழுப்பவன். மிர்த்தாவுக்குப் படகு போகாவிட்டால் அடுத்தது அவன்தான். பொம்பளை சுக்கான் பிடித்தால் மீன் சிரிக்கும் என்று பாரில் ஆறு மாதமாகச் சொல்லி வந்தவனும் அவன்தான்.

ஆனால் மிஸ் அந்தோனியாவை நடுங்க வைத்தது திருட்டு இல்லை. எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று ஒருவரும் கடலில் இறங்குவதில்லை. இறங்கினால் மீனாகிவிடுவோம். கால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், செதில் வரும். நம்புகிறோமா என்று கேட்டால் யாரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். இறங்குகிறாயா என்று கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு முட்டை வெள்ளைக் கருவைத் தண்ணீர் டம்ளரில் விட்டு நடுப்பகலில் பார்த்தால் எதிர்காலம் தெரியும் என்பதும் அப்படித்தான். அந்த வருஷம் வெல்டாவின் டம்ளரில் பாய் விரித்த கப்பல் வந்தது. என்னுடையதில் ஒரு சீப்பு. பகல் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சீப்பு இன்னும் எங்கள் குளியலறை அலமாரியில் இருக்கிறது. கப்பல் வெல்டாவை ஏற்றிக்கொண்டு போய் நான்கு வருஷமாகிறது.

போகட்டும். அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான். வெள்ளிக்கிழமை நனைந்தவன் ஏன் நனைந்தான்?

*

சுக்கான் தலையில் மட்டையைச் செருகி மூன்று முடிச்சுப் போட்டாள் மிர்த்தா. பள்ளிக்கூட டீமில் அவள் அடித்த மட்டை. காற்று வாங்கிப் பாய் விம்மியது. பிடிவாதக்காரி ஒரு பக்கம் சாய்ந்து, நுரையைக் கிழித்துக்கொண்டு கிளம்பினாள். என் தொப்பி முதல் நிமிஷத்திலேயே பறந்துபோய்ப் பெலிக்கன் ஒன்றின் பக்கத்தில் விழுந்தது. அது தொப்பியைப் பார்த்த பார்வையில் எனக்கு மரியாதை குறைந்தது.

"எடப்பக்கமா இழுக்குது. கெளம்பினதுலேர்ந்து இப்படியே" என்று மிர்த்தா பல்லைக் கடித்தாள்.

"மட்டைக்கு மைதானத்துல எடப்பக்கமா அடிச்சுப் பழக்கம்" என்றேன்.

"மிஸ் வெல்டா, இவர எங்க பிடிச்சீங்க?"

"சுங்கத்துலதான். யாரும் வந்து கேக்கல, வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்."

நான் இடப்பக்கப் பலகையில் தொன் பாஸ்குவாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டை, கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார். நேற்றுச் சிலுவை ஊர்வலத்தில் அவரைப் பார்த்தபோது கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். பங்குனி வெயில், தார் உருகுகிறது, பாதிரியாரே விசிறிக்கொண்டு நடக்கிறார், இவர் மட்டும் கோட்டைக் கழுத்து வரை பூட்டியிருந்தார். தன் சவ ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்க்கிறாரா என்று வெல்டாவிடம் கேட்டு, அதற்கும் ஒரு மிதி வாங்கியிருந்தேன்.

டொக்.

என் பலகைக்கு அடியிலிருந்து சத்தம். அலை ஒன்று தூக்கிப் போட்டது. டொக், டொக்.

"தொன் பாஸ்குவால், கீழ யாரோ கதவத் தட்றாங்க."

"பழைய படகு. எனக்கு மாதிரி அதுக்கும் மூட்டு பேசுது" என்றார் அவர். கையைப் படகின் விளிம்பிலேயே வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை முழுகினவன் ஆவியா இருக்குமோ?"

பாய்க் கயிற்றைப் பிடித்திருந்த எல்மெர் கயிற்றை விட்டுவிட்டான். பாய் படபடவென்று அடித்தது. மிர்த்தா கத்தினாள். வெல்டா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பிழை செய்கிறவன் சில நேரம் பிரயோஜனப்படுவான் என்று அர்த்தம்.

*

பவளத்திட்டுக்கு உள்பக்கம், ஆள் உயர ஆழத்தில், தண்ணீர் பச்சைக் கண்ணாடியாக நிற்கும் இடத்தில் நங்கூரம் போட்டார்கள். மிர்த்தா எல்லோருக்கும் நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொடுத்தாள். தலைநகர் பெல்மோபானிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் குழாயை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்து, "வடிவமைப்பு தப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குதித்தார். மற்றவர்களும் தொபுக் தொபுக்கென்று விழுந்தார்கள்.

இந்த இடத்தில் எல்மெர்தான் முன்னால் நீந்தி, ஆமை எங்கே, திருக்கை எங்கே என்று காட்ட வேண்டும். அவன் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்மெர், எறங்கலியா?" என்றாள் வெல்டா.

"இன்னிக்கு இல்ல மிஸ் வெல்டா. காது வலி."

"நேத்து மூணு மணிக்குக் காது நல்லாத்தானே இருந்துச்சு?"

அவன் முகம் வெளுத்தது. மிர்த்தா மட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"நேத்து தண்ணில எறங்கினியா நீ?"

"இல்ல!"

"ஊரே கரைல நிக்கறப்ப கடலுக்குள்ள ஒளிக்கலாம்னு தோணிச்சா? எங்கடா போட்ட? எங்க?" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "ஏழு மணிக்கு மணி அடிக்கும். அதுக்குள்ள எங்கேன்னு சொல்லு. இல்லேன்னா கரை சேந்ததும் உன் மூஞ்சிய இந்தப் படகுல நான் பாக்கக் கூடாது."

"மணி அடிச்சிட்டா இது உன் படகே இல்ல" என்றான் எல்மெர். சொன்னதும் அவனுக்கே கஷ்டமாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டான்.

தொன் பாஸ்குவால் நிழல் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெல்டா எல்மெரின் முழங்கையைப் பிடித்துப் படகின் மூக்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன்.

"பெட்டியத் தொறக்கறியா, நான் தொறக்கட்டுமா?"

"தடிய நான் எடுக்கல. எங்கம்மா மேல சத்தியம். ஆனா... நனைஞ்சேன்."

"ஏன்?"

"நார்வேலேர்ந்து ஒரு பொண்ணு. கடல்குதிரை எங்க இருக்கும்னு கேட்டுச்சு. காட்டாம இருக்க முடியுமா?"

"கையால காட்டியிருக்கலாமே" என்றேன்.

"கையாலதான் ஆரம்பிச்சேன்."

வெல்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதச் சொல்லிட்டா உன் பேரு தப்பிச்சிடுமே. ஏன் சொல்லல?"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா? திருடன்னா ரெண்டு நாள் திட்டுவா. பெரிய வெள்ளில குளிச்சவன்னா சாகற வரைக்கும் மீன் குழம்பே வைக்க மாட்டா." குரல் இன்னும் தாழ்ந்தது. "அது மட்டும் இல்ல மிஸ் வெல்டா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து கால் விரலுக்கு நடுவுல அரிக்குது. தோல் உரியுது. வெள்ளையா. இன்னொரு தடவ தண்ணில எறங்கினா..."

காலைத் தூக்கிக் காட்டினான். அப்போது படகு விளிம்பில் ஒரு நீர்க்கண்ணாடி முகம் முளைத்தது. பல் டாக்டர்.

"என் துறை இல்ல. ஆனா அது செதில் இல்ல தம்பி. சேத்துப்புண்" என்றார். மறுபடி முழுகிப் போனார்.

வெல்டா பாய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்மெரும் சிரித்தான், காலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அவன் பொய் சொல்லல" என்றாள் என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்படி ஒரு பொய்ய எவனும் யோசிச்சுச் செய்ய முடியாது."

"அப்ப நம்ம ஒரே துப்பும் கடல்குதிரை மேல ஏறிப் போயிடுச்சு."

"இல்லய்யா. திரும்பி நிக்குது, அவ்வளவுதான். நனைஞ்சவன் இவன். ஆனா தேட வேண்டியது நனையாதவன."

"விளங்கலையே."

"எனக்கும் பாதிதான் விளங்குது. வா, சாப்பிடலாம்."

*

எலுமிச்சையில் ஊறிய சங்குச் சதை, வெங்காயம், கொத்தமல்லி, ஹபனேரோ மிளகாய். நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். துப்பு இல்லாதபோது எனக்குப் பசி எடுக்கும். துப்பு இருக்கும்போதும்.

சாப்பாடு முடிந்ததும் மிர்த்தா வாளியிலிருந்து மத்தித் தலைகளை அள்ளி வலப்பக்கம் வீசினாள். அந்தக் காலத்தில் மீனவர்கள் இங்கே நின்றுதான் மீன் சுத்தம் செய்வார்கள். அந்தப் பழக்கத்தில் பழுப்புச் சுறாக்கள் இன்றைக்கும் வரும். ஆள் நீளம், ஆனால் சாது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் நாய்கள் மாதிரி கூட்டமாக வந்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும்.

வந்தன. பத்துப் பன்னிரண்டு. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனால் வலப்பக்கம் நாலைந்துதான். மற்றவை படகுக்கு அடியில் புகுந்து இடப்பக்கம் போயின. அங்கே யாரும் எதுவும் வீசவில்லை.

"பந்தி இங்க, கூட்டம் அங்க" என்றேன்.

டொக். டொக் டொக் டொக். நான் துள்ளி எழுந்தேன். இப்போது அலை இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது.

வெல்டா வாளியைப் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். என் பலகையைப் பார்த்தாள். பிறகு நீர்க்கண்ணாடியை எடுத்துத் தலையில் மாட்டினாள்.

"உனக்கு நீச்சல் தெரியாதே!"

"அந்த வளையத்தப் போடு. நீயும் கூட வா. நான் முழுகினா உன் பேர்ல கேஸ்."

ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் கடலோரத்தில் வாழ்ந்தும் அவள் ஒருநாளும் தண்ணீருக்குள் முகம் வைத்ததில்லை. ஏணியில் ஒவ்வொரு படிக்கும் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டு இறங்கினாள். ரப்பர் வளையத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். முகத்தை உள்ளே வைத்தாள்.

ஒரு நொடி. இரண்டு நொடி. பிறகு குழாய் வழியாக ஒரு சத்தம் வந்தது. விக்கல் எடுத்த கடற்பசு என்று சொல்லலாம். எருமைக்கன்று எக்காளம் ஊதினால் எப்படி இருக்கும், அப்படியும் சொல்லலாம். படகில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன். "சிரிக்கறா!"

அடியில் நீலக் கோடு போட்ட மஞ்சள் மீன்கள் ஆயிரம் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெரிய திருக்கை மணலை உதறிக்கொண்டு எழுந்தது. அவள் அதற்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தி, படகின் அடிவயிற்றைக் காட்டினாள்.

இடப்பக்கம், நீர்மட்டத்துக்கு ஒரு கை ஆழத்தில், ஒரு நீளமான சாக்குப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சுறாக்கள் அதை மூக்கால் முட்டி முட்டி முகர்ந்தன. முட்டும்போதெல்லாம் அது படகில் இடித்தது. டொக்.

தீவு முழுவதும் தேடிய தடியின் மேல் உட்கார்ந்து நான் மூன்று தட்டு சங்கு சாப்பிட்டிருக்கிறேன்.

*

வளையத்தின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு பேசினோம். வெல்டாவின் நெற்றியில் நீர்க்கண்ணாடியின் வட்டம் பதிந்திருந்தது. இருபது வயது குறைந்து தெரிந்தாள்.

"மூணு விஷயம் பாரு. கயிறு எங்க கட்டியிருக்கு?"

"பாய்மரத்த இழுத்துப் பிடிக்கிற இரும்பு வளையத்துக்கு அடில."

"தண்ணில எறங்கறவனா இருந்தா துறைத் தூணுக்கு அடில கொண்டுபோய்க் கட்டியிருப்பான். ஜென்மத்துக்கும் கெடைக்காது. இது படகுலேர்ந்தே குனிஞ்சு, ஒரு கைய மட்டும் விட்டுக் கட்டினது. பெரிய வெள்ளில ஒடம்ப நனைக்கக் கூடாதுன்னு பயந்த ஆளு."

"தீவுல எல்மெரத் தவிர அத்தன பேரும் அப்படித்தானே?"

"ரெண்டாவது, சாக்கு. திருடறவன் தடியச் சும்மா கட்டித் தொங்க விடுவான். இவன் கொழந்தைக்குப் போத்தற மாதிரி சுத்தியிருக்கான், கீறல் விழக் கூடாதுன்னு. ஆனா கைக்கு வந்தது மத்திச் சாக்கு. சுறாவுக்குச் சாப்பாட்டு மணி."

"மூணாவது?"

"அத நீதான் கண்டுபிடிச்ச. அதுக்கு நான் உன் கால மிதிச்சேன்." அவள் சிரிப்பு நின்றது. "ஒரு கை தோள் வரைக்கும் நனைஞ்சா, கோவிலுக்குப் போறப்ப என்ன செய்வ?"

கறுப்புக் கோட்டு. கழுத்து வரை பூட்டிய கறுப்புக் கோட்டு.

நாங்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். மேலே படகு விளிம்பில் தொன் பாஸ்குவாலின் கை இருந்தது. காலையிலிருந்து அந்த ஒரே இடத்தில். கயிற்றுக்கு நேர் மேலே.

*

வெல்டா ஏணியில் ஏறி, ஈரத்தோடே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் வலப்பக்கம் சுறாக்களோடு இருந்தார்கள்.

"தொன் பாஸ்குவால், கீழ ரொம்ப அழகா இருக்கு."

"தெரியும்."

"எல்லாத்தயும் பாத்தேன்."

அவர் தலையாட்டினார். "பயணத்த ரத்து பண்ணுவான்னு நெனச்சேன்" என்றார். "மட்டையத் தூக்கிட்டு வருவான்னு யாரு கண்டா?"

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். அவருக்கே உதடு துடித்தது, ஆனால் சிரிப்பாக வரவில்லை.

"இந்த மணி மட்டும் தாண்டட்டும், அப்பறம் கெடச்சிடுச்சுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் குடுக்கலாம். இன்னொரு வருஷம். அவ்வளவுதான் கேட்டேன். என் வீட்டு முற்றத்துல தடுக்கி விழறேன் மிஸ் வெல்டா. சுக்கான் தடியப் பிடிச்சா மட்டும் காத்து எங்க, ஆழம் எங்க, திட்டு எங்கன்னு எல்லாம் கைல தெரியும். அதையும் குடுத்துட்டா நான் எதால பாக்கறது?"

வெல்டா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அது எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அந்தப் பய மேல திருட்டுப் பட்டம் நிக்குது. உங்க பொண்ணு முதுகக் காட்டி நின்னு கண்ணத் தொடச்சுக்கறா, நீங்க பாக்கல. நான் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டேன். நங்கூரம் சிக்கியிருக்கான்னு நீங்க பாக்கப் போறதா சொல்றேன். மேல வந்து என்ன சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. கடல் குடுத்துச்சுன்னாலும் நான் மறுக்கல. இன்னிக்குச் சனிக்கிழமை. நனைஞ்சா தப்பில்ல."

நீர்க்கண்ணாடியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"கீழ எனக்கு எவனும் வழி காட்ட வேணாம்."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயது மனிதர் தெறிப்பே இல்லாமல் தண்ணீருக்குள் போனார், கடிதம் பெட்டிக்குள் போகிற மாதிரி.

"அப்பா!" என்று மிர்த்தா ஓடி வந்தாள்.

"நங்கூரம்..." என்று வெல்டா ஆரம்பித்தாள். அதற்குள் அவர் மேலே வந்துவிட்டார். தோளில் சாக்கு, பின்னால் இரண்டு சுறாக்கள், வாடிக்கையாளர்கள் மாதிரி.

படகில் இழுத்துப் போட்டு அறுத்தார்கள். சாக்கு மிதக்காமலிருக்கப் போட்ட ஈயக் குண்டுகள் உருண்டன. கறுப்பு வரி ஓடிய சிரிகோட்டே என்ற மரத்தில் செய்த தடி, கைபட்டுக் கைபட்டு ஒரு இடத்தில் மட்டும் மெலிந்தது, வெயிலில் பளபளத்தது. எல்மெர் விசிலடித்தான். பல் டாக்டர் கை தட்டினார்.

"எங்கப்பா கெடச்சுது? எங்க இருந்துச்சு?" மிர்த்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

வெல்டா கடலைப் பார்த்தாள். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன். பொய்க்கான வாசல் அகலத் திறந்து கிடந்தது.

"கெடைக்கல" என்றார் தொன் பாஸ்குவால். மூச்சு வாங்கியது. "நான்தான் கட்டி வச்சேன். வெள்ளிக்கிழமை. எல்மெர் எடுக்கல. அவன யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

மிர்த்தா சாக்கைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். எல்மெர் மெதுவாக, "சனிக்கிழமைதானே மாமா... நீங்க நனைஞ்சது பரவாயில்ல" என்றான். அவனுக்கு அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

கிழவர் தடியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். சரியாக அவள் இருந்த திசையில்.

"ஏழு மணிக்குத்தானே" என்றாள் மிர்த்தா. குரல் கல் மாதிரி இருந்தது.

"மணிக்காகக் காத்து நிக்காது. வாங்கிக்க. மறுபடி எனக்குப் புத்தி மாறிடும்."

அவள் வாங்கினாள். மூன்று முடிச்சை அவிழ்த்து மட்டையை உருவிப் போட்டாள். தடியைச் சுக்கான் தலையில் செருகினாள். அது க்ளக் என்று உட்கார்ந்தது.

"எல்மெர், நங்கூரத்தத் தூக்கு."

"நானா?" என்றான் அவன். பிறகு ஓடினான்.

பாய் ஏறியது. காற்று தோள்பக்கம் வந்தது. பிடிவாதக்காரி இந்த முறை எந்தப் பக்கமும் இழுக்காமல், நூல் பிடித்த மாதிரி தீவை நோக்கித் திரும்பினாள். மிர்த்தா திட்டையும் அலையையும் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். ஈரத்தோடு இடப்பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா."

"ம்."

"எடம் மாறி உக்காருங்க. காத்துப் பக்கம் எடை வேணும்."

நாற்பத்தொரு வருஷத்தில் அந்தப் படகில் அவரை யாரும் இங்கே உட்காரு என்று சொன்னதில்லை. அவர் எழுந்தார். விளிம்பைத் தடவிக்கொண்டு, பாய்மரத்தைத் தொட்டு, வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால. எனக்குப் பக்கத்துல. காத்து மாறினா நீங்கதான் சொல்லணும்."

"சரி, கேப்டன்" என்றார் தொன் பாஸ்குவால், நகர்ந்து உட்கார்ந்தபடி. "இப்பவே மாறப் போகுது."

மாறியது. எல்லோரும் கத்தினோம். படகு சாய்ந்து பறந்தது. பல் டாக்டரின் ரம் பஞ்ச் அவர் மடியிலேயே போயிற்று. எல்மெர் காலைக் கடலில் தொங்கவிட்டு விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டான்.

நான் என் பழைய பலகையில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

டொக்.

திடுக்கிட்டு எழுந்தேன். கீழே பார்த்தேன். கடலைப் பார்த்தேன். எதுவும் இல்லை. உட்கார்ந்தேன். டொக், டொக்.

"யாருய்யா அது?" என்றேன்.

சாட்சிப் பொருள் என்று சொல்லி மட்டையை மடியில் வாங்கி வைத்திருந்த வெல்டா, எதிர்ப் பலகையில் கடலைப் பார்த்தபடி ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள். மட்டையின் நுனி என் பலகைக்கு அடியில் இருந்தது. நெற்றியில் அந்த வட்டம் இன்னும் அழியவில்லை.

துறை வரும்வரை அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் யார் என்று கேட்டேன்.